எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய சுவர்கள்

போதும், நான் பேசாமல் இருந்தது. போன மாதம் பஜார் மாடியில் நடந்த ஊர்க்கூட்டத்தில் உன் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினாயே, அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தந்த காபியைத் தொடாமல் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. உன் அம்மா எடுத்து, "அப்பாவுக்குத் தொண்ட கட்டியிருக்கு மக்கா" என்று சொன்னாள். நீயும் நம்பியதுபோல நடந்துகொண்டாய். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. வருடக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் வரலாறு கத்திச் சொன்ன தொண்டை, அது பேச நினைத்திருந்தால் அந்த மாடியில் மைக்கே தேவைப்பட்டிருக்காது. நாலு பேர் முன்னால் உன் மானம் போக வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது கால்கோள் விழாவுக்கு நாள் குறித்து, மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழும் வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டட வடிவமைப்பு என்று உன் பெயர், அதற்கு மேலே விழாக்குழுத் தலைவர் என்று உன் பெரியப்பா பெயர். "அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் கோபம்தான் முன்னால் வந்து நிற்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ கொண்டுவந்த முதல் வரைபடம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம், அதை ஒட்டி இந்த வட்டாரத்து வாழ்க்கையைக் காட்டும் ஓர் அருங்காட்சியகம், இரண்டுக்கும் ஒரே வாசல். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, எங்களுக்கு விளக்கினாய். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது, தூண்கள் மட்டும்தான். பொருள்களை யாருடையவை என்று பார்க்காமல் எதற்கு உதவின என்று பார்த்து அடுக்கியிருந்தாய். சமைத்த பாத்திரங்கள் ஓரிடம், நெய்த துணிகள் ஓரிடம், பூ எடைபோட்ட தராசுகள் ஓரிடம், பிறப்புக்கும் சாவுக்கும் அடித்த மேளங்கள் ஓரிடம். நடுவில் பெரிய பள்ளம்போலத் தாழ்ந்த தரை. அது என்ன என்று கேட்டேன். நம் ஊர் ஆடித் தபசுத் திருவிழா என்றாய். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து அம்பாள் சப்பரத்தின்மேல் பருத்தி வீசியது உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்கள் பருத்தியும் மிளகாய் வத்தலும், மற்றவர்கள் தங்கள் தங்கள் காட்டில் விளைந்ததும் கொண்டுவந்து அள்ளி எறிவார்கள். "எறியிற வரைக்கும்தான்ப்பா அது அவங்க வத்தல். விழுந்தப்புறம் யாரு வீட்டு வத்தல்னு யாரால சொல்ல முடியும்? மியூசியம் அப்படி இருக்கணும்" என்றாய். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். தொட்டி நிறைந்து வழிந்தது. "உங்கப்பாவுக்குப் பிடிச்சிருக்குலே. தண்ணி வீணாப் போறதுகூட அந்த மனுசனுக்குத் தெரியல" என்று உன் அம்மா உள்ளேயிருந்து சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று உனக்குத் தெரியும். தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். இந்த ஊரில் கல்யாண மண்டபத்துக்குக் குறைவில்லை. ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள், அதாவது சமுதாயத்துக்கொன்று. நான் உன் அம்மாவைக் கட்டிக்கொள்வது என்று முடிவானபோது எங்கள் மண்டபத்தின் சாவி உன் பெரியப்பாவிடம் இருந்தது. என் உடன்பிறந்த அண்ணன். "மாப்ள நம்ம ஆளுதான். பொண்ணு யாரு?" என்று என்னிடமே கேட்டார், ஏதோ அன்றுதான் கேள்விப்பட்டவர்போல. உன் அம்மா மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய முன்னோரை ஒரு காலத்தில் எந்த வாசலிலும் உள்ளே விடவில்லை. பிறகு அவர்கள் வேதத்தில் சேர்ந்து, படித்து, வாத்தியாராகவும் நர்ஸாகவும் ஆனதும், அவர்கள்தான் நம்மை விட்டுப் போய்விட்டார்களே என்று கதையைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் பக்கத்துச் சர்ச் ஹாலில், நான் ஞானஸ்நானம் வாங்கினால் பார்க்கலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோது, வந்தவர்களை உட்காரவைத்துச் சோறு போட இவ்வளவு பெரிய ஊரில் எங்களுக்கு ஓர் இடம் இல்லை.

கடைசியில் இடம் கொடுத்தவர் என்னோடு படித்த ஒரு தியேட்டர்க்காரர். "மேட்னி விட்டு சாய்ங்கால ஆட்டம் போடதுக்குள்ள பந்திய முடிச்சிரணும் வே. சைக்கிளயெல்லாம் வெளிய தள்ளச் சொல்லுதேன். அதுக்கு மேல என்னால ஆவாது" என்றார். சைக்கிள் ஸ்டாண்டில், சக்கரம் நுழைக்கிற இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இலை போட்டுப் பிரியாணி பரிமாறினோம். டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் கம்பி வழியாக நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மாவின் பட்டுச்சேலையில் ஏறிய செயின் எண்ணெய்க் கறை எத்தனையோ தடவை வெளுக்கப் போட்டும் போகவில்லை. எதிர் டீக்கடையில் உன் பெரியப்பா நின்றிருந்தார். எங்கள் தெருவிலிருந்து யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருந்தார். அன்று உள்ளே வந்து சாப்பிட்டவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அதன் பிறகு மண்டபச் சாவி சுலபமாகக் கிடைக்கவில்லை. நான் எதையும் மறக்கவில்லை. மறப்பதுதான் பெருந்தன்மை என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்கள்.

இந்தக் கதையைத்தான் நீ அந்த மாடியில் சொன்னாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் ஒரு பழைய சைக்கிள் ஸ்டாண்டின் படம் வேறு. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது. உன் பெரியப்பாவும் தட்டினார். அதற்கு அடுத்த படமாக இரண்டாவது வரைபடம் வந்தது. தூண்களுக்கு நடுவே சுவர்கள் முளைத்திருந்தன. அறை அறையாக, ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், ஒவ்வொரு வாசலின் மேலும் ஒரு சமுதாயத்தின் பெயர். உன் பெரியப்பா எழுந்து மைக்கை வாங்கினார். "யாருக்கும் மனத்தாங்கல் வரப்படாது பாருங்க. எவன் மொத ரூமு, எவன் கடைசி ரூமுன்னு சண்ட வந்துரும். அதான் திருவிழாவுல எந்த நாளு எந்த சமுதாயத்து மண்டகப்படியோ, அந்த வரிசப்படியே போட்டுட்டோம். அதுல எவனும் வாய் தொறக்க முடியாதுல்லா" என்றார். மண்டகப்படி உள்ளவர்கள் வாய் திறக்கவில்லை. அவரவர் நாளில் சாமி வந்து இறங்குகிற உரிமை அது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. இல்லாதவர்கள்? வரிசையின் கடைசியில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, ஒரு சின்ன அறை இருந்தது. அதன்மேல் 'பொது' என்று எழுதியிருந்தாய். அது யாருக்கு என்று ஒருவர் கேட்டார். "மிச்சம் இருக்கவங்களுக்கு" என்றார் உன் பெரியப்பா. நீ கையிலிருந்த சிவப்பு விளக்குப் புள்ளியை அந்த அறையின்மேல் வைத்துச் சுற்றிக் காட்டினாய். அந்த மிச்சம் உன் அம்மா.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். வருகிறவர்கள் வழி தெரிந்து நடக்க ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம் என்றாய். அந்தந்தச் சமுதாயத்தாரிடமே கேட்டு நிறத்தை முடிவு செய்ததாகச் சொன்னாய், மக்கள் பங்கேற்பு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாய். நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது பின்னால் நின்ற இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். எதற்கு அடித்தார்கள் என்று உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிற கயிறுகளின் நிறங்கள் அவை. பெயரைக் கேட்காமல், தெருவைக் கேட்காமல், கையைப் பார்த்ததும் நீ யார் என்று தெரிந்துகொள்ளக் கட்டுகிற கயிறு. வகுப்புக்குள் நுழைந்ததும் கையை நீட்டச் சொல்லி, கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி, எத்தனை பெற்றோரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி எதனால் எனக்கு இளையவருக்குப் போனது, எல்லாம் நீ வீட்டில் கேட்டு வளர்ந்ததுதான்.

உன் கையிலும் ஒரு நாள் கயிறு பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிது. ஒரே நிறத்தில்கூட இல்லை, இரண்டு நிறத்தை ஒன்றாக முறுக்கிக் கட்டியிருந்தாய். என்னலே இது என்று கேட்டதற்கு நீ சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "வெறுங்கையோட போனா ரெண்டு பக்கமும் அடிக்கானுவப்பா. ரெண்டையும் கெட்டிக்கிட்டா ஒரு பக்கமாது விட்டுருவானுவல்லா." நான் அறைந்தேன். அறைந்த கையோடு கயிற்றை வெட்டினேன். உன் அம்மா நடுவில் வந்து, "அவன அடிச்சு என்ன செய்ய? முறுக்கிக் கெட்டுன கயிறுதான அவன்" என்றாள். அடுத்த வாரம் டிசி வாங்கி உன்னைத் திருநெல்வேலி விடுதியில் சேர்த்தேன். நீ இந்த ஊரைவிட்டுப் போனது படிப்புக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கயிற்றுக்காக ஊரைவிட்டுப் போனவன், அதே கயிறுகளின் நிறத்தைச் சுவரில் பூசத் திரும்பி வந்திருக்கிறாய்.

கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சுவரு எதுக்குலே?" நீ என் தோளில் கை போட்டுச் சிரித்தாய். "அது சும்மா ஜிப்சம் போர்டுதான்ப்பா. செங்கல்கூட கிடையாது. பிரச்சினை இல்லாம கட்டடம் எழும்பட்டும், அப்புறம் எப்ப வேணா எடுத்துடலாம்" என்றாய். இந்த ஊரில் எப்ப வேணா எடுத்துவிடலாம் என்று வைத்த எது எடுக்கப்பட்டிருக்கிறது, சொல். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இரண்டு தெருப் பையன்களுக்குள் கைகலப்பு வந்தது. சூடு தணிகிறவரைக்கும் என்று ஒரு தெருவுக்கு முன்வாசல், இன்னொரு தெருவுக்குப் பின்வாசல் என்று வாய்மொழியாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். அடித்துக்கொண்ட பையன்கள் இன்று ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், ஒன்றாக டூர் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்னும் வேறு வேறு வாசலில்தான் நுழைகின்றன. எங்கேயும் எழுதிப் போடவில்லை, எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. செங்கல்லில் கட்டிய சுவரையாவது ஒரு நாள் விரிசல் விட்டது என்று இடிக்கலாம். ஜிப்சம் சுவரை இடிக்க எந்தக் காரணமும் கிடைக்காது, அது யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராது.

போன வாரம் குழுவிலிருந்து இரண்டு பேர் குட்டியானை வண்டியோடு வீட்டுக்கு வந்தார்கள், உன் அம்மாவின் தையல் மெஷினை எடுத்துப்போக. நீதான் பட்டியலில் சேர்த்தாயாம். அந்த மெஷினின் காலடியில் வளர்ந்தவன் நீ. எனக்கு வேலை கிடைக்காத நாள்களில் நம்மைக் காப்பாற்றியது அது. எந்தெந்த மண்டபத்தில் அவளுக்கு இடமில்லை என்றார்களோ, அந்தந்த மண்டபத்தில் மணமேடை ஏறிய பெண்களுக்கெல்லாம் கல்யாண ரவிக்கை தைத்தவள் அவள். உன் பெரியப்பா மகளுக்கும் அவள்தான் தைத்தாள், பின்வாசல் வழியாக அளவு ரவிக்கையைக் கொடுத்தனுப்பினார்கள். கொக்கி வைக்கும்போது எந்தப் பெண்ணின் தெருவையும் அவள் கேட்டதில்லை. வந்தவர்கள் மெஷினைத் தூக்கக் குனிந்தபோது உன் அம்மா, "கொஞ்சம் நில்லுங்க. இது எந்த ரூமுக்குப் போவுது?" என்று கேட்டாள். அவர்களில் மூத்தவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடு, "பொதுலதான் போட்டிருக்கு டீச்சரம்மா" என்றார். வாத்தியார் மனைவி என்பதால் ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "பொதுவுக்குத்தான்னா வண்டி எதுக்கு? இந்த ஊர்லயே பொதுவான எடம் இந்த வீடு ஒண்ணுதான். இங்கனயே இருக்கட்டும். காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர்கள் குடித்துவிட்டுத்தான் போனார்கள். வண்டி கிளம்பிய பிறகு, மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "உம்ம மவன் வரைஞ்ச கட்டடத்துக்குள்ள நான் போனா எந்தக் கதவு வழியா நுழையணும்னு அவன்ட்ட கேட்டுச் சொல்லுவீயளா?" கேட்கிறேன். இந்தக் கடிதம் மொத்தமும் அந்த ஒரு கேள்விதான்.

உன் திறமையைப் பார்த்துப் பெரியப்பா உன்னை அழைத்தார் என்று நினைக்கிறாய். "எம்புட்டு நாளானாலும் நம்ம ரத்தம்" என்று உன் கையைப் பிடித்தாராம், உன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாய். நீ பிறந்தபோது எட்டிப் பார்க்காத ரத்தம் அது. அவரோடு உனக்கு இரண்டு வருடப் பழக்கம்தான், எனக்கு நான் பிறந்ததிலிருந்து தெரியும். சுவர் வைத்த வரைபடத்தை வேறு யார் போட்டிருந்தாலும் இந்த ஊரில் நாலு பேராவது எழுந்து கேட்டிருப்பார்கள். நானே கேட்டிருப்பேன். சைக்கிள் ஸ்டாண்டில் கல்யாணம் செய்தவர்களின் மகனே வரைந்து, அவனே அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டால், எவன் எழுந்து என்ன கேட்பான்? அவருக்கு வேண்டியிருந்தது உன் கட்டடக் கலை இல்லை, உன் பிறப்பு. அதை நீ சும்மா கொடுத்துவிட்டாய். எங்கள் இரண்டு பேருக்கும் நடந்ததை வைத்து அவர் ஒரு சுவருக்கு அனுமதி வாங்கிக்கொண்டார்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். கால்கோள் விழாவுக்கு முன்னால் குழுவைக் கூட்டி, முதல் வரைபடத்தை மறுபடியும் விரி. மூலைக்கு வைக்க டம்ளர் வேண்டுமானால் நம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போ. சுவர் இல்லாவிட்டால் யாருடைய பெருமையையும் காட்ட முடியாதே என்பார்கள். பெருமையைக் காட்ட வேண்டாம், இந்த ஊர் எப்படி வாழ்ந்தது என்று காட்டினால் போதும் என்று சொல். திருவிழாவைக் காட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த சைக்கிள் ஸ்டாண்டின் இரும்புச் சட்டம் ஒன்றை வை. அதுவும் இந்த ஊர் வரலாறுதான். தியேட்டரை இடித்தபோது நண்பர் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார், கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் வெட்டிய கயிறுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். டின் நிறைந்து பல வருடம் ஆகிறது. எல்லா நிறமும் ஒன்றோடொன்று சிக்கி, இனி எவனாலும் பிரித்தெடுக்க முடியாமல் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் உன் பள்ளத்தின் நடுவே கொட்டு. பிறகு உன் அம்மாவின் மெஷினை எங்கே வைப்பது என்று நீ யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் அழைப்பிதழிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடு. வேலை போகும். போகட்டும், உனக்கு வேறு வேலை கிடைக்கும். இரண்டும் செய்யாமல் அந்தச் சுவர்களோடு கட்டடம் எழும்பினால், திறப்பு விழாவுக்கு நாங்கள் வர மாட்டோம், ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு நீயும் இந்த வீட்டுக்கு வராதே.

இதில் மூன்று பிரதி எடுத்திருக்கிறேன், மூன்றும் கையால் எழுதியவை. ஒன்று உனக்கு, ஒன்று குழுவுக்கு, ஒன்று மாடியில் அன்று 'அது யாருக்கு' என்று எழுந்து கேட்ட அந்த மனிதருக்கு. கூரியரில் கொடுக்கப் போனேன். அனுப்புநர் பெயர், தெரு எல்லாம் எழுதாமல் வாங்க மாட்டோம் என்றார்கள். இந்த ஊரில் தெருவைச் சொல்வதும் சாதியைச் சொல்வதும் ஒன்று, திரும்பி வந்துவிட்டேன். உன் அம்மா சிரித்தாள். "மொட்டக் கடுதாசியா போடப் போறீய? வாத்தியார் பாக்குத வேலையா இது?" என்றாள். குழுவுக்கு எந்தத் தாள் போனாலும், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால் யார் எழுதியது என்று கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார்கள், முழுக்கப் படித்த பிறகு தெரிந்தால் போதும் என்றேன். என் பெயர் இருந்தால் அண்ணன் தம்பிச் சண்டை என்று சொல்லி எங்கள் சமுதாயத்து அறையில் வைத்து மூடிவிடுவார்கள். "அப்பம் எம் பேரப் போடுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "வேண்டாம், ஜெனரேட்டர் பக்கம் வச்சிருவாவ" என்றாள்.

எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும். உன் பெரியப்பாவுக்கும் தெரியும், சிலேட்டில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இது என் தம்பி எழுத்து என்று அவர் குழுவில் சொல்லட்டும். என்னைத் தம்பி என்று அவர் சபையில் சொன்னதாக அது ஒன்றாவது இருக்கும். சொல்லாவிட்டால், இதை எந்த அறையில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் மேசைமேல் கிடக்கட்டும். தபால் தலை ஒட்டியாகிவிட்டது. கீழே பெயர் எழுதாமல், உன் அப்பா என்றும் எழுதாமல், காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.